வாய்ச்சொல்லும் அளவுகோலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலங்கழிப்பவன் நான். பொறியியலைப் பற்றி இவன் என்ன பேசுவான் என்று நீங்கள் எண்ணக்கூடும். பொறியாளரிடம் போய்ச் சேரவேண்டிய சொல்லொன்றை வழியிலேயே தொலைத்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த நிலையத்தில், முதிய தமிழ் அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, மேல் படுக்கைக்கு ஏறும் கம்பி உள்ளங்காலை அறுக்கிறது, பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இரவெல்லாம் கீழே உட்கார்ந்தே வந்தேன்" என்றார். புகார்ப் புத்தகத்தில் அவர் சார்பாக நான் எழுதியது ஒரே வரி: 'படுக்கை வசதி திருப்தியாக இல்லை.' என்னை நம்பிக் கைநாட்டு வைத்துச் சென்றார். அவ்வரியைக் கொண்டு எந்தப் பொறியாளர் எதைத் திருத்துவார்? கம்பியும் இல்லை, காலும் இல்லை!

பயணி தம் துன்பத்தைச் சொல்வார்; அளவைச் சொல்லார். பொறியாளருக்கோ அளவு வேண்டும். மது தண்டவதே அவர்கள் 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராயிருந்த காலத்தில், இரண்டாம் வகுப்பின் வெறும் மரப்படுக்கைகளுக்கு 2 அங்குல மெத்தை வரத்தொடங்கியது. 'உடம்பு நோகிறது' என்ற சொல் '2 அங்குலம்' என்ற அளவாயிற்று.

இதற்கு ஒரு முறையும் உண்டு. ஜப்பானில் யோஜி அக்காவோ, ஷிகேரு மிசுனோ ஆகிய அறிஞர்கள் வகுத்தது. 1972-இல் கோபே நகரின் மிட்சுபிஷி கப்பல் தளம் அதற்கான அட்டவணையைக் கையாண்டது. இடப்புறம் பயன்படுத்துவோர் வேண்டுவனவற்றை அவர்கள் சொற்களிலேயே எழுதுவர். மேலே, அளக்கக்கூடியவற்றை எழுதுவர். நம் அம்மையாரின் சொல்லை அதில் இட்டால், 'கால் அறுக்கிறது' என்பதற்கு நேரே படியின் அகலம். 'பிடிக்க ஒன்றுமில்லை' என்பதற்கு நேரே கைப்பிடியின் உயரமும் பருமனும். எது எதனோடு எவ்வளவு தொடர்புடையது என்று கட்டந்தோறும் குறிப்பர். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடுமா என்பதையும் பார்ப்பர். படியை மிக அகலமாக்கினால் நடைவழி குறுகுமன்றோ?

அளவு கிடைத்ததும் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. மாதிரிப் படியைச் செய்து, அத்தகைய முதியவர் ஒருவரையே ஏறச் சொல்லவேண்டும். அவர் காலே கடைசி அளவுகோல்.

அன்பர்களே, குறை சொல்லும்போது எங்கே, எப்போது, என்ன செய்கையில் நொந்தது என்று சொல்லுங்கள். எழுதுவோர் அதைச் சுருக்காமல், சொன்னபடியே எழுதட்டும். அந்த அம்மையாரை நான் மீண்டும் காணவில்லை. அன்று நான் எழுதாது விட்ட அவர் சொற்களை இன்று இம்மன்றத்தில் முழுமையாகச் சொல்லிவிட்டேன்.