மருத்துவக் கனவும் கல்லூரிப் பாடமும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

  

நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கு ஒரு பெருமை உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அன்று எழுத்தறிவே நம் கனவாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் மருத்துவராகக் கனவு காண்கின்றனர். அக்கனவைக் குறித்தும், அக்கனவு கைகூடும் வரையில் கல்லூரியில் எப்பாடத்தைப் படிப்பது என்பது குறித்தும் சில கருத்துகளைக் கூற விழைகின்றோம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்து விக்கிரவாண்டியைக் கடந்ததும் முண்டியம்பாக்கம் வருகின்றது. அங்கே 2010ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னர், பெருநோய் கண்டால் புதுச்சேரி ஜிப்மருக்கோ, செங்கற்பட்டிற்கோ, சென்னைக்கோ சென்றோம். நோயாளியாகச் சென்றோமேயன்றி, மாணவராகச் சென்றவர் நம்மில் மிகச் சிலரே. இன்று நம் பிள்ளைகள் அக்கல்லூரிக் கட்டடத்தைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வளர்கின்றனர். 'நாமும் இங்கே படிக்கலாமே' என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதை நாம் போற்ற வேண்டும்.

ஆண்டுதோறும் சூன் திங்களில் நம் அறைக்கு வரும் மாணவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, இவ்வாண்டு நீட் மதிப்பெண் போதவில்லை. மறுபடியும் எழுதப் போகிறேன். அதுவரை வீட்டிலிருந்து படிப்பதா, கல்லூரியில் சேர்வதா? சேர்ந்தால் எந்த மேஜர் எடுப்பது?" கேள்வி சிறிதெனினும் அதன் விடையில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியுள்ளது.

இக்கேள்வி எழுந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பு நீங்கி, 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு புகுந்தது. 2007இல் அது நீக்கப்பட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் தேர்வு தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு, 1200க்கு 1176 மதிப்பெண் பெற்று, உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாம் இழந்தோம். அவ்விழப்பு நம் சமுதாயத்தின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருக்கின்றது. இன்னொரு பிள்ளையை இழக்க நாம் ஒருபோதும் இடம் கொடுக்கலாகாது.

நீதியரசர் ஏ. கே. இராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. 2016-17இல் மருத்துவ இடம் பெற்றோரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே முன்னாண்டு முடித்து மீண்டும் முயன்றோர். 2020-21இலோ அவர்கள் 71 விழுக்காட்டினர். இதன் பொருள் என்ன? முதன்முறையிலேயே இடம் பெறுவோர் இன்று குறைவு. ஆகவே, முதன்முறை இடம் கிடைக்காத பிள்ளை அறிவிற் குறைந்த பிள்ளையன்று. ஆனால் இரண்டாம் முறை எழுதும் வரை அப்பிள்ளையைத் தாங்குவார் யார்? வசதி படைத்தோர் வீட்டில் பயிற்சி மையத்திற்குப் பணமுண்டு. காத்திருக்கப் பொறுமையும் உண்டு. கூலி வேலைக்குச் செல்லும் வீட்டில் ஓராண்டு காத்திருத்தல் என்பது ஓராண்டு வருவாயை இழப்பதாகும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளி மாணவரே நீட் வழியாக இடம் பெற்றிருந்தனர். அவ்வாண்டிலேயே அவ்வெண்ணிக்கை நூற்றுக்கணக்காக உயர்ந்தது. மறுமுறை எழுதுவோர்க்கும் இவ்வொதுக்கீடு உண்டு. கதவு திறந்துதான் இருக்கின்றது. அதன்முன் எவ்வாறு நிற்பது என்பதே கேள்வி.

இவ்விடத்தில் நம் வாழ்க்கையைச் சற்றுக் கூறுதல் தகும். நாம் 1988இல் அறிவியற் பிரிவிற் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோம். நுழைவுத் தேர்வு எழுதினோம், இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று எக்கல்லூரிக்கும் விண்ணப்பிக்காமல் வீட்டிலிருந்தோம். வழிகாட்ட எவருமிலர். பகலில் களத்துமேட்டு வேலை. இரவில் சிம்னி விளக்கு. மறுமுறையும் கிட்டவில்லை. அதற்குள் அறிவியல் இடங்கள் நிரம்பிவிட, எஞ்சியிருந்த பி.ஏ. வரலாற்றிற் சேர்ந்தோம். வரலாறு நமக்குச் சோறிட்டது. அதைக் குறைகூற மாட்டோம். ஆயினும் விலங்கியலை விரும்பிய மாணவன் விலங்கியல் படிக்காமற் போனதற்குக் காரணம், வீணே கழித்த அவ்வோராண்டேயாகும்.

அப்பாடத்தை நாமே மறந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஒரு மாணவி நன்கு படித்தாள். "கல்லூரிக்குப் போனால் கவனம் சிதறும், ஓராண்டு முழுவதும் நீட் தேர்வுக்கே படி அம்மா" என்று அறிவுரை கூறியவர் நாமே. தந்தை கடன் வாங்கிப் பயிற்சிக்கு அனுப்பினார். ஓராண்டு இரண்டாண்டாயிற்று. மதிப்பெண் உயர்ந்தது, இடத்திற்குப் போதவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, அப்பெண் காலணித் தொழிற்சாலை வேலைக்குச் சென்றாள். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் நம்மைக் கண்டு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று முகமலர்ச்சியுடன் கேட்டாள். அவள் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. அன்று முதல் எந்த மாணவருக்கும் 'சும்மா இரு' என்று நாம் சொல்வதில்லை.

ஆகவே நாம் வலியுறுத்தும் முதற் கருத்து இது: கல்லூரியிற் சேருங்கள், சேர்ந்துகொண்டே முயலுங்கள். நீட் தேர்வு மே திங்களில் நடைபெறுகின்றது. கலை அறிவியற் கல்லூரி விண்ணப்பமும் அக்காலத்திலேயே தொடங்குகின்றது. மருத்துவக் கலந்தாய்வோ அதற்குப் பின்னரே வருகின்றது. 'முடிவு தெரியட்டும்' என்று காத்திருப்போர்க்கு இரண்டும் போகும். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் நம் வாயிலருகே உள்ளன. கட்டணம் குறைவு; ஆதிதிராவிடர் மாணவர்க்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு.

இனி, எப்பாடத்தைத் தெரிவு செய்வது? விலங்கியல் எடுத்தால் நீட் எளிதாகும் என்று பலர் எண்ணுகின்றனர். இது முற்றும் சரியன்று. நீட் வினாக்கள் 180. உயிரியலில் 90, வேதியியலில் 45, இயற்பியலில் 45. இவை யாவும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்தே வருகின்றன. கல்லூரிப் பாடம் வேறு திசையில் ஆழமாகச் செல்லும். அதனால் அறிவு வளரும்; ஆனால் அதுவே தேர்வுப் பயிற்சி ஆகிவிடாது. பருவத் தேர்வும் செய்முறைப் பதிவேடும் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்க நாட்டில் பட்டப்படிப்பு முடித்த பின்னரே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரி புகுகின்றனர். அங்கே வேண்டிய அறிவியற் பாடங்களை முடித்தால் போதும். முதன்மைப் பாடம் வரலாறாகவும் இருக்கலாம், இசையாகவும் இருக்கலாம். நம் நாட்டு முறை வேறு. ஆயினும் அங்கிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்து ஒன்றுண்டு: மருத்துவ இடம் கிடைக்காவிடினும், 'இதைப் படித்ததற்காக மகிழ்கின்றேன்' என்று சொல்லக்கூடிய பாடத்தையே எடுக்க வேண்டும்.

உயிரியலில் மெய்யான ஆர்வமுடையோர் தாவரவியலோ விலங்கியலோ எடுக்கலாம். கணக்கிற்கு அஞ்சாதோர்க்கு வேதியியல் நல்ல பாடம். மருந்துத் தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், ஆசிரியப் பணி எனப் பல வழிகள் அதற்குண்டு. இயற்பியலில் மதிப்பெண் குறைவதாலேயே நம் பிள்ளைகள் பலர் நீட் தேர்வில் பின்தங்குகின்றனர் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். அத்தகையோர் எப்பாடம் எடுப்பினும், நாள்தோறும் ஒரு மணி நேரமாவது இயற்பியற் கணக்குகளைப் போட வேண்டும். நோயாளிக்குத் தொண்டு செய்தலே நோக்கமாயின், செவிலியர் பட்டப்படிப்பையும் கால்நடை மருத்துவத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இவை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே வழங்கப்பெறுகின்றன.

கூடுமானவரை வீட்டிற்கு அண்மையிலுள்ள கல்லூரியைத் தேர்க. பயணத்தில் மிஞ்சும் இரண்டு மணி நேரம் நூலுக்கு ஆகும். கல்லூரியில் மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றிற்கும் படி எடுத்து வையுங்கள். கலந்தாய்வு வந்தால், கல்லூரி முதல்வரிடம் பயிலும் சான்று பெற்று, அவ்வாண்டு விளக்கக் கையேட்டில் கூறியவாறு செல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றினை உங்கள் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பெறுங்கள். அதில் ஒப்பமிடுவது எங்கள் கடமை, தயங்காமல் கேளுங்கள்.

முயற்சிக்கு ஓர் எல்லையும் வேண்டும். நீட் எழுதுவதற்கு மேல்வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. எத்துணை முறையும் எழுதலாம். ஆனால் சட்டம் விட்ட எல்லையை நாமே வகுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. பட்டப்படிப்பின் முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் எழுதுக. மூன்றாமாண்டில் பட்டத்தையே முதன்மையாகக் கொள்க. நம் மாணவன் ஒருவன் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டே இருமுறை எழுதினான். மருத்துவ இடம் கிட்டவில்லை. பட்டம் முடித்து, முதுகலையும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, இன்று பள்ளியொன்றில் உயிரியல் கற்பிக்கின்றான். அவன் வகுப்பில் பயின்ற பெண்ணொருத்தி இன்று மருத்துவக் கல்லூரியில் படிக்கின்றாள். அவனைத் தோற்றவன் என்று யார் கூறுவார்?

பெற்றோர்க்கு ஒரு சொல். நிலத்தையும் நகையையும் அடகு வைத்துப் பயிற்சி மையத்திற்குக் கொட்டாதீர்கள். மதிப்பெண் குறைந்த நாளில் பிள்ளையிடம் கணக்குக் கேளாதீர்கள். அன்று அருகில் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள். பிள்ளை பேசாமல் ஒதுங்கினால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அரசின் 104 என்ற தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கின்றது. ஆண்பிள்ளைக்கு இரண்டு முயற்சி, பெண்பிள்ளைக்கு ஒன்று என்று பிரித்தலும் வேண்டா.

கழகப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழாவின் நினைவாக, ஆண்டுதோறும் மே, சூன் திங்களில் ஒரு வழிகாட்டும் குழு அமைக்க வேண்டும். கல்லூரி விண்ணப்பக் கட்டணமும் முதற்பருவக் கட்டணமும் கட்ட இயலாத மாணவர்க்குக் கழகம் உதவ வேண்டும். சில ஆயிரம் ரூபாய் அந்நேரத்தில் இல்லாமையால் பட்டத்தையே இழந்தோர் நம் தெருக்களில் உள்ளனர். அக்குழுவிற்கு நம் ஞாயிற்றுக்கிழமைகளை அளிக்க இங்கேயே உறுதி கூறுகின்றோம். நாம் தவறாக வழிகாட்டிய அம்மாணவியின் இல்லத்திற்கு அண்மையில் சென்று வந்தோம். தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்க இசைந்துள்ளாள். முதற் கட்டணம் நம்முடையது.

மாணவச் செல்வங்களே! மருத்துவராகுங்கள்; அதற்காக முழு மூச்சுடன் முயலுங்கள். ஆனால் அக்கனவு கைகூடும் நாளிலும், கைகூடாத நாளிலும், உங்கள் கையில் ஒரு நூலும் காலடியில் ஒரு வழியும் இருக்கட்டும்.