மேல்நிலைப் பாடப்பிரிவும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா என்பது ஒரு சங்கம் தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளும் நாளாக மட்டும் அமைந்துவிடலாகாது. கடந்த பாதையை எண்ணிப் பார்த்து, இனிச் செல்ல வேண்டிய பாதையைத் தெளிவு செய்துகொள்ளும் நாளாகவும் அமைதல் வேண்டும். எனவே, பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது, எவற்றை நிறைவு செய்தால் மேற்படிப்பின் வாயில் திறக்கும் என்னும் பொருள் குறித்துச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

நம் முன்னோர் காலத்தில் இக்கேள்வியே எழவில்லை. பள்ளிக்குள் கால் வைக்க இயலுமா என்பதே அன்றைய கேள்வி. 1894ஆம் ஆண்டு அடையாற்றில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. ஆயினும் அவை தொடக்கக் கல்வியோடு நின்றன. இராயப்பேட்டையில் வாழ்ந்து 1907இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிச் சட்டமன்றம் வரை சென்று வாதாடிய எம்.சி. இராசாவும், நம் மக்களின் கல்வி அந்த எல்லையில் நின்றுவிடலாகாது என்பதற்காகவே உழைத்தனர்.

பள்ளிக்குள் நுழைந்த பின்னரும் விரும்பிய பாடத்தைப் படிக்கும் உரிமை எளிதில் கிட்டிவிடவில்லை. அண்ணல் அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் சமற்கிருதம் படிக்க விரும்பினார். அது அவருக்கு மறுக்கப்பட்டது. வேறு வழியின்றிப் பாரசீகம் படித்து, 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். பின்னாளில் சமற்கிருதத்தைத் தம் சொந்த முயற்சியால் கற்றார். எந்தப் பாடத்தை யார் படிப்பது என்பதும் ஓர் உரிமைப் பிரச்சினையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்று எந்தப் பாடமும் நமக்குச் சட்டப்படி மறுக்கப்படவில்லை. ஆனால் அறியாமையாலும் அவசரத்தாலும், "உனக்கு இது போதும்" என்னும் பிறர் சொல்லாலும், அதே மறுப்பு வேறு வடிவில் வந்து சேருகிறது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்விமுறை அறிமுகமாயிற்று. அன்று தொட்டு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு படிவத்தில் இடும் ஒரு குறி, அப்பிள்ளையின் அடுத்த பத்தாண்டுகளைப் பெரிதும் முடிவு செய்து விடுகிறது. அந்தக் குறியைப் பல வீடுகளில் பிள்ளையும் இடுவதில்லை, பெற்றோரும் இடுவதில்லை. பள்ளியில் எந்தப் பிரிவில் இடம் மிஞ்சியிருந்ததோ, அதுவே அப்பிள்ளையின் விருப்பமாக எழுதப்படுகிறது.

அடையாற்றில் சர்தார் பட்டேல் சாலையில் நின்று பாருங்கள். ஒரு புறம் 1959இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மறு புறம் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகமும். சற்றுத் தொலைவில் தரமணியில் அரசினர் பாலிடெக்னிக்குகள். மயிலாப்பூர்க் கடற்கரையில் 1914இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரி. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் தேடி வரும் இந்நிலையங்களின் மதிற்சுவர்களுக்கு அருகிலேயே நாம் வாழ்கிறோம். துப்புரவுப் பணிக்கும் சமையற் பணிக்கும் காவற் பணிக்கும் நம் தாய் தந்தையர் நாள்தோறும் இவ்வாயில்களுக்குள் செல்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் மாணவர்களாக உள்ளே செல்ல வேண்டுமெனில், ஒவ்வொரு வாயிலும் எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்பதைப் பதினோராம் வகுப்பில் சேருமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

பொறியியற் படிப்புக்கான நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 2007இல் கைவிடப்பட்டது. அதன்பின் பொதுப் பாடப்பிரிவினர்க்குக் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டே தரவரிசை இடப்படுகிறது. ஆகவே கணிதமின்றி அறிவியல் படித்த பிள்ளைக்கு அவ்வழி இல்லை. மருத்துவத்திற்கும், செவிலியர் பட்டப் படிப்புக்கும் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் வேண்டும். கணினி அறிவியலுடன் கணிதம் எடுத்த பிள்ளை, பின்னர்ச் செவிலியராக விரும்பினால் வழி அடைபட்டிருக்கும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இரு வாயில்களையும் திறந்து வைப்பது உண்மையே. ஆனால் அதன் சுமையும் பெரிது. அதனைத் தாங்கும் விருப்பம் பிள்ளைக்கு உண்டா என்று கேட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

வணிகவியல், வரலாறு முதலிய பிரிவுகள் தாழ்ந்தவை என எண்ணுவதும் பிழையாகும். சட்டப் படிப்பு எந்தப் பிரிவினர்க்கும் திறந்தே உள்ளது. சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லி, 1945இல் சென்னை மாநகர மேயராக அமர்ந்த என். சிவராஜ் அவர்கள் சட்டம் பயின்றே நம் மக்களுக்கு வழக்காடினார். ஆட்சிப் பணித் தேர்வுகளும் ஏதேனும் ஒரு பட்டத்தையே கேட்கின்றன. பட்டயக் கணக்காளர் படிப்பிலும் எந்தப் பிரிவினரும் சேரலாம். தொழிற்கல்வியை விரும்பும் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தே மூன்றாண்டுப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, பட்டயம் பெற்றபின் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. ஒரு பிரிவை ஏற்பதும் விடுப்பதும் அறிந்து செய்யும் செயலாக அமைய வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

அடுத்து, தேர்ச்சி பற்றிய செய்தி. மேல்நிலைத் தேர்வில் பாடங்கள் ஆறு, மொத்த மதிப்பெண் 600. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 35 பெற்றாலன்றித் தேர்ச்சி இல்லை. ஐந்தில் தொண்ணூறு பெற்றும் ஆறாவதில் தவறினால் சான்றிதழ் கைக்கு வாராது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மதிப்பெண் பிரிக்கப்பட்டுள்ளது. ஆதலின் ஆய்வகத்தைப் புறக்கணிக்கும் மாணவன் தேர்வறைக்குச் செல்லுமுன்னரே இழக்கத் தொடங்குகிறான். ஒரு பாடத்தில் தவறியவர் படிப்பை விட்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை. முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடைபெறுகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் நாட்கள் மிகச் சிலவே. அந்த நாட்களில் ஒரு பிள்ளை வெட்கத்தால் வீட்டுக்குள் ஒடுங்கிவிடாமல் கைப்பிடித்து அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.

பதினோராம் வகுப்புக்கு 2017-18ஆம் கல்வியாண்டில் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. அதனைக் கைவிடும் முடிவு 2025இல் அறிவிக்கப்பட்டது. பொதுத் தேர்வு இல்லையென்பதால் அவ்வாண்டுப் பாடத்தைப் படிக்காமல் தாண்டிவிடலாம் என்று எவரேனும் கூறின் நம்பாதீர்கள். மருத்துவத்திற்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் நடைபெறும் நுழைவுத் தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடங்களையும் கேட்கின்றன.

இட ஒதுக்கீடு பற்றியும் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் இனத்தவர்க்கு 18 விழுக்காடும், அதனுள் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியர்க்கு 3 விழுக்காடும் உண்டு. இது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் உரிய பாடத்தைப் படிக்காத பிள்ளைக்கு இவ்வுரிமை பயன்படாது. நமக்கென ஒதுக்கிய இடத்தில் நம் பிள்ளை அமர வேண்டுமாயின், அதற்கான பாடத்தை அவன் படித்திருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021இலும் சட்டமாயின. மாநகராட்சிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பெயர் பெற்ற உதவி பெறும் பள்ளிகள் பல உள. பத்தாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பெருமை கருதி மேல்நிலைக்கு அங்கே மாற்றினால், அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். மாற்றுவது நல்லதா என்பது ஒவ்வொரு பிள்ளையின் நிலையைப் பொறுத்தது. எதை இழக்கிறோம் என்று அறிந்தே மாற்றுங்கள் என்கிறோம்.

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த நம் மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் புறத்தே கொண்டு குடியமர்த்தப்பட்டனர். 2022 மே மாதத்தில் இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்ட நாட்களில், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. இத்தகைய இடமாற்றத்தில் சான்றிதழ்கள் தொலைகின்றன. பழைய பள்ளிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டியதாகிறது. புதிய பள்ளியிலோ படித்துக்கொண்டிருந்த பாடப்பிரிவு இல்லாமற் போகலாம். வீடு மாறுவது நம் கையில் இல்லாதபோதும், பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையின் பள்ளி மாறாமல் காக்க உற்றார் உறவினரும் சங்கமும் இயன்றதைச் செய்தல் வேண்டும்.

ஆகவே வெள்ளி விழா ஆண்டில் சங்கம் மூன்று பணிகளை ஏற்க வேண்டுமென முன்மொழிகிறோம். முதலாவது, ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் முன்னரே ஒவ்வொரு பிள்ளையோடும் பெற்றோரோடும் அமர்ந்து, என்னவாக விரும்புகிறாய், அதற்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதை எழுதி வைப்பது. இரண்டாவது, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைச் சங்க அலுவலகத்தில் பாதுகாப்பது. ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு முதல் உரிய உதவித் தொகை உண்டு. 1944இல் அண்ணல் அம்பேத்கர் அரசில் இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம் அது. காகிதம் இல்லை என்பதற்காக எவரும் அதனை இழத்தல் ஆகாது. மூன்றாவது, கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு மேல்நிலை மாணவரைத் தம்பியாக, தங்கையாக ஏற்றுத் தேர்ச்சி பெறும் வரை துணை நிற்பது.

பெற்றோர்களே, பிள்ளையிடம் கேளுங்கள். இளைஞர்களே, படிவத்தில் நீங்களே குறியிடுங்கள். இடம் இல்லை என்று எவரேனும் சொன்னால், எந்த விதியின்படி என்று பணிவோடும் அச்சமின்றியும் கேளுங்கள். தனியே கேட்கத் தயங்கினால் எங்களை அழையுங்கள், உடன் வருகிறோம்.

 ஜெய் பீம்!