கயிறு பிடிப்போர் யார்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

முத்துக்குளித்துறையிற் பிறந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1960-களின் தொடக்கத்தோடு நம் கரையில் நின்றுபோன அத்தொழிலில், கடலடிக்குச் சென்றவனது உயிர் தோணியின்மேல் நின்று கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. கயிறு அசைந்தவுடன் இழுத்தல் வேண்டும். பராக்குப் பார்த்தல் ஆகாது. மூளை முடக்குவாதமுற்ற குழந்தையை வளர்க்கும் பெற்றோர் அங்ஙனம் மூழ்கியிருப்பவரே. கயிறு பிடிக்க வேண்டிய சுற்றத்தாராகிய நாமோ கரையிலிருந்து பேசிக்கொண்டிருக்கின்றோம்.

யாது பேசுகின்றோம்? கிரகணத்தில் வெளியே வந்தாள் என்கின்றோம், முன்வினை என்கின்றோம், பழி எப்பொழுதும் தாயின் தலைமேலேயே விழுகின்றது. பிறக்குமுன்போ, பிறக்குங்காலோ, மழலைப் பருவத்திலோ, வளரும் மூளைக்கு நேர்ந்த ஊறே இதன் காரணம். குறைமாதப் பிறப்பு, மூச்சுத் தடை, கடுமையான மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல் என்பன அதனை விளைக்கக்கூடும். சிலரிடத்துக் காரணம் புலப்படுவதேயில்லை. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் என்பார் இந்நோயினைப் பிரசவ இடர்ப்பாட்டோடு தொடர்புபடுத்தி 1861-லேயே எடுத்துரைத்தனர். அவரும் இளமையிற் கால் ஊனமுற்றவர். இது தொற்றாது, மூளையில் நேர்ந்த ஊறு நாளடைவிற் பெருகுவதுமில்லை. கைகால் வசப்படாதவனுக்கு அறிவும் இராது எனக் கருதுதல் பெரும்பிழை.

அப்பிழையை யாமே செய்தோம். பணியிற் சேர்ந்த புதிதில், உப்பளக் கூலியாளர் ஒருவர் தம் ஆறு வயது மகனை இடுப்பிற் சுமந்து பள்ளிக்கு வந்தார். சிறுவனது தலை நில்லாது ஆடிற்று. ‘இவனுக்கு இங்கே இடமில்லை’ என்றோம். அவர் வாதாடவில்லை, ‘ஆகட்டும் ஐயா’ என்று, மகனது வாயைத் துண்டினால் துடைத்துவிட்டுத் திரும்பினார். சின்னாட் கழித்து அவ்வழியே சென்றபோது, திண்ணையிற் சிறுமியொருத்தி கூட்டற்கணக்குக் கேட்க, அவன் காலைத் தரையில் தட்டித் தட்டி விடை கூறக் கண்டோம். ஒரு விடையும் பிழைபடவில்லை. இலக்கணம் கற்ற எமது செருக்கு அன்று அடங்கிற்று. அவரைத் தேடிச் சென்று யாம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

இன்று அங்ஙனம் திருப்பியனுப்பச் சட்டம் இடந்தராது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையாம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்குச் சென்று பார்மின். கடற்படைத் தேர்வில் 1975-இல் வீழ்ந்து கழுத்தெலும்பு முறிந்து, கைகால் இயங்காதிருந்த இராமகிருட்டிணன் என்பார் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம் அங்குளது. அதன் பணியாளர் சிற்றூர் வீடுகட்கே சென்று, குழந்தையை எவ்வாறு அமர்த்துவது, எவ்வாறு உணவூட்டுவது என்று தாய்க்குக் கற்பிக்கின்றனர். மல்லாக்கக் கிடத்தி உணவூட்டின் புரையேறும்; நிமிர்த்தி அமர்த்தியே ஊட்டல் வேண்டும். இத்துணைச் சிறு செய்தி அறியாது எத்துணைத் தாய்மார் இரவெல்லாம் அஞ்சிக் கிடக்கின்றனர்! நான்கைந்து திங்களாகியும் தலை நில்லாவிடினும், ஓராண்டு நிறையுமுன்பே குழந்தை ஒரு கையையே நீட்டினும், ‘போகப் போகச் சரியாகும்’ என்னும் பாட்டிமார் சொற்கேட்டு வாளாவிருத்தல் கூடாது, மருத்துவரிடம் காட்டுக. இளமூளை பழக்கத்திற்கு இணங்கும். காலந்தாழ்த்தின் தசைகள் இறுகிவிடும்.

‘எமக்குப் பின் இவனை யார் காப்பார்?’ என்பதே பெற்றோரின் ஆறாத் துயர். 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பதினெட்டு வயது கடந்தார்க்கும் மாவட்டக் குழுவின் வாயிலாகப் பாதுகாவலரை அமர்த்த வழி செய்துளது. ‘நிராமயா’ என்னும் மருத்துவக் காப்பீடும் அவ்வறக்கட்டளையின் வழியாகவே கிடைக்கின்றது. விண்ணப்பமெழுதத் தெரிந்தவர் நம்மிற் பலர். எழுதிக் கொடுத்தவர் எத்துணைப் பேர்?

நமது சங்கம் முதன்மதிப்பெண் பெற்றார்க்கு ஆண்டுதோறும் பரிசளிக்கின்றது, நன்று. இக்குழந்தைகளின் பெயர்கள் சங்கக் குடும்பப் பதிவேட்டிற்கூட இல்லை. வெட்கத்தினால் பெற்றோர் கூறவில்லை. கேட்க நமக்கும் தோன்றவில்லை.

பணவுதவி பிறகாகுக. அத்தாய் வாரத்திற்கு இரண்டு மணிநேரம் கண்ணயரவோ, கோயிலுக்குச் சென்றுவரவோ, குழந்தையின் அருகே அமர்ந்திருக்க ஒருவர் வேண்டும். அதற்கு இசைவோர் பெயரெழுத ஒரு குறிப்பேட்டைச் செயலாளர் மேசைமேல் வைத்துள்ளோம். ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு எமது பெயரும் எம் மனையாள் பெயரும் எழுதப்பட்டுள்ளன. ஏனைய ஆறு நாட்களும் வெறுமையாக உள்ளன.