தோளை உதைக்காத தோட்டா

(குன்னூரில் நடந்த முன்னாள் மாணவர் சங்கமத்தின் இரண்டாம் நாள் காலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"நீ ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். காலையில் இட்லி, பொங்கல், வடை எல்லாம் முடித்துவிட்டு, இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் டெக்னிக்கலாகப் பேசினால் முன்வரிசையே தூங்கிவிடும். ஆகவே துப்பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன். யாரும் பயப்பட வேண்டாம், கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை.

இந்தத் தலைப்பு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வகுப்புத் தோழன் ஒருவன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "மாப்ளே, நீ என்.சி.சி.யில ரைபிள் சுட்டவன்தானே? ஒரு சந்தேகம்" என்றான். அங்கே உரிமம் வாங்கி, பருவ காலத்தில் மான் வேட்டைக்குப் போவது சட்டப்படி நடக்கிற காரியம். பக்கத்து வீட்டுக்காரர்களோடு போகப் பழகியிருக்கிறான். போன வருஷம் பதினான்கு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போய், அவன் கையில் ஒரு .30-06 ரைபிளைக் கொடுத்திருக்கிறான். பையன் சுட்டான். தோள் கன்றிப்போனது. அது பரவாயில்லை. குண்டு மானின் பின்பகுதியில் பட்டு, மான் ஓடிவிட்டது. இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. "அவன் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல மாப்ளே. இப்ப துப்பாக்கி பக்கமே வரமாட்டேங்கிறான். தப்பு அவன் மேலயா, துப்பாக்கி மேலயா?" என்று கேட்டான்.

"தப்பு உன் மேலதான்டா" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்றைய உரை.

எனக்கும் இதே கதைதான் நடந்தது. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு முகாம். எந்த முகாம், யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். .22 ரைபிளில் ஒரு குண்டுகூடச் சுடாத என் கையில் 7.62 எஸ்.எல்.ஆர். ரைபிளைக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். "ஆம்பளையா இருந்தா தாங்கு" என்றார் ஒருவர். முதல் குண்டு போனதும் காது அடைத்தது, கன்னத்தில் கட்டை அடித்தது, தோள் பின்னால் போனது. அன்றைக்கு ஐந்து குண்டுகள் சுட்டேன். வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. பயம் மட்டும் இரண்டு வருஷம் போகவில்லை.

அந்தப் பயம் எப்படி வேலை செய்யும் தெரியுமா? ட்ரிக்கரை அழுத்துகிற கடைசிக் கணத்தில், நமக்கே தெரியாமல் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், விரல் வெடுக்கென்று இழுக்கும். குண்டு கிளம்புவதற்கு முன்பே குழல் நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சுடுகிறவருக்குத் தெரியாமல் மேகசினில் நடுநடுவே மருந்தில்லாத பொய்த் தோட்டாவைக் கலந்து வைப்பார்கள். பொய்த் தோட்டா வரும்போது வெடிக்காது. ஆனால் குழல் மட்டும் ஒரு குதி குதிக்கும். அப்போது சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். கல்லூரி அணித் தேர்வில் நான் விழுந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், முதலாண்டு பௌதிகம்தான்.

குண்டு முன்னால் போகும்போது எவ்வளவு உந்தம் எடுத்துக்கொள்கிறதோ, அதே உந்தத்தோடு ரைபிள் பின்னால் வரும். நியூட்டனின் மூன்றாம் விதி. குண்டோடு சேர்ந்து வெளியேறும் வாயுவுக்கும் பங்கு உண்டு. அது குண்டைவிட வேகமாகப் போகிறது. அதன் வேகத்தைக் குண்டின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்வோம்.

.22 லாங் ரைபிள் தோட்டாவில் குண்டின் எடை 2.6 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 330 மீட்டர். நான்கு கிலோ ரைபிளில் இதைப் போட்டால், தோளுக்கு வந்து சேரும் ஆற்றல் ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்கு. ஒரு எலுமிச்சம்பழத்தை மேஜைமேல் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால் என்ன தட்டுத் தட்டுமோ, அவ்வளவுதான். எஸ்.எல்.ஆர். ரைபிளில் குண்டு 9.3 கிராம், வேகம் வினாடிக்கு 840 மீட்டர். அதே கணக்குப்படி சுமார் 15 ஜூல் வருகிறது. அதாவது நூறு மடங்குக்கும் மேல்! நான் எலுமிச்சம்பழம் தாங்கிப் பழகுவதற்கு முன்பே பூசணிக்காயைத் தாங்கச் சொல்லிவிட்டார்கள்.

நண்பன் மகனுக்குக் கொடுத்த .30-06 இன்னும் மேலே. 11.7 கிராம் குண்டு, 3.6 கிலோ ரைபிள் என்று வைத்தால் 27 ஜூல் அளவுக்கு வரும். ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை நம் நாட்டு உரிமதாரர்களுக்காகச் செய்யும் .315 ரைபிள் ஏறத்தாழ 20 ஜூல். அந்த .315 எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய மான்லிக்கர் தோட்டா அது. .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான். அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்தது.

இன்னொரு விஷயம். உந்தம் மாறாமல் ரைபிளின் எடையை இரண்டு மடங்காக்கினால், உதைப்பின் ஆற்றல் பாதியாகிவிடும். அதனால்தான் போட்டி ரைபிள்கள் கனமாக இருக்கின்றன. ஆனால் மலை ஏறுகிறவன் கனமான ரைபிளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. இலக்குச் சுடுவதற்கும் வேட்டைக்கும் உள்ள பழைய சண்டை இதுதான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரைபிள் வேண்டுமென்றால், எடையைக் கூட்ட முடியாது. தோட்டாவைத்தான் சிறிதாக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் நீலகிரிக்கு வருகிறேன். இங்கிருந்து சில மைல் தூரத்தில் அருவங்காடு. எங்கப்பா வேலை பார்த்த ஊர், நான் பிறந்து வளர்ந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கார்டைட் தொழிற்சாலை வந்தது. 2021-லிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. கார்டைட்டை 1889-இல் ஏபெல், டிவார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாஸ்லின் மூன்றையும் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்து, கயிறு கயிறாக எடுப்பார்கள். கயிறு என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் கார்டைட் என்ற பெயரே வந்தது. கருமருந்து போல் புகை கக்காது. குறைந்த மருந்தில் அதிக வேகம் கிடைக்கும். இந்தப் புகையில்லா மருந்துகள் வந்த பிறகுதான், கட்டைவிரல் தடிமனுக்குக் குண்டு போட வேண்டிய அவசியமே போனது. சிறிய குண்டை வேகமாக அனுப்பினால் போதும் என்றானது.

இந்த மாற்றத்தை நன்றாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஜிம் கார்பெட். 1907-இல் சம்பாவத்தின் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைபிளைப் பரிசாகக் கொடுத்தார்கள். பெயர் ஆங்கிலப் பெயர். உள்ளே இருப்பது 1892-இல் வந்த ஜெர்மன் 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டா. .30-06 கொடுக்கும் உதையில் மூன்றில் இரண்டு பங்குதான் இது கொடுக்கும். எடை குறைவு, மலையில் தூக்கிச் செல்லச் சுலபம், குறி தவறாது. பெரிய இரட்டைக்குழல் ரைபிளும் அவரிடம் இருந்தது. ஆனாலும் மலைகளில் இந்தச் சிறிய ரைபிளை அவர் விரும்பி எடுத்துப்போனார். ஆக, சிறிய தோட்டா கோழையின் தோட்டா என்று யாராவது சொன்னால், கார்பெட்டைக் காட்டுங்கள்.

நம் மலையிலும் வேட்டை பெரிதாக நடந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் வரையாட்டைத் தேடி முக்குருத்திப் பக்கத்துப் பாறைகளில் ஏறினார்கள். சுட்டுத் தள்ளிய வேகத்தில், இனி ஒன்றுமே மிஞ்சாது என்ற பயம் அவர்களுக்கே வந்துவிட்டது. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-இல் தனிச் சட்டமே வந்தது. வேட்டை கூடாத மாதங்கள், உரிமம், கட்டணம் எல்லாம் அப்போது வந்தவை. பின்னாளில் அதே சங்கம் நீலகிரி வனவிலங்குச் சங்கமாக மாறியது. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் துப்பாக்கி பிடித்த கையால் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். 1975-இல் அவர் செய்த ஆய்வு முன்னோடி ஆய்வு. அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஆம் தேதியைத் தமிழ்நாட்டில் வரையாடு தினமாகக் கொண்டாடுகிறோம். 2024-இல் தமிழ்நாடு எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் இருந்தன. நம் மாநில விலங்கு, மொத்தமே ஒரு சின்னக் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை அளவுதான்!

ஆகவே தம்பிகளே, "அண்ணே, வேட்டைக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்று இங்கே யாராவது கேட்டால், விடை ஒரே வரிதான். இந்தியாவில் எந்தத் தோட்டாவும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டிப்போட்டது. 1991-இல் செய்த திருத்தம் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் எடுத்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு வந்து நின்றால், நாம் செய்ய வேண்டியது வழி விட்டு ஒதுங்கி நிற்பது. அது அதனுடைய வழி.

வெளிநாட்டில் சட்டப்படி வேட்டைக்குப் போகும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. நண்பனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மானுக்கு .243 வின்செஸ்டர் போதும். 1955-இல் வந்தது, 6.5 கிராம் குண்டு, உதைப்பு .30-06-இல் பாதி. இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும், தூர இலக்கும் சுட வேண்டும் என்றால் 6.5 கிரீட்மூர். 2007-இல் இலக்குப் போட்டிக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தது, பிறகு வேட்டைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1894-இன் ஸ்வீடன் நாட்டு 6.5 தோட்டாவும் அதே குணம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பையனுக்கு ஒரு .22 வாங்கிக் கொடு, ஒரு வருஷம் அட்டையில் சுடட்டும், மானை மற என்றேன். மான் சாவதும் தப்பித்து ஓடி மூன்று நாள் துடித்துச் சாவதும் தோட்டாவின் பருமனால் முடிவாவதில்லை. குண்டு எங்கே பட்டது என்பதால் முடிவாகிறது. பயந்த தோள் சரியான இடத்தில் குண்டைப் போடாது. சுட்டது தப்பினால், வலி நமக்கில்லை, அந்த வாயில்லாத ஜீவனுக்கு.

இனி கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு. நம் கல்லூரியில் இப்போது துப்பாக்கி சுடும் அணியில் பெண் பிள்ளைகளும் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன். நீங்கள் ஏர் ரைபிளில் ஆரம்பியுங்கள். 4.5 மில்லிமீட்டர், அரை கிராம் ஈயம், பத்து மீட்டர் தூரம். உதைப்பு என்ற பேச்சே இல்லை. பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதை அடிக்கப் பழகினால், மூச்சும் விரலும் உங்கள் சொற்படி கேட்கும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான். அதற்குப் பிறகு .22. 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டரில் வெண்கலம் வாங்கியது அந்த 2.6 கிராம் குண்டில்தான். 1887-இல் வந்த தோட்டா, இன்னும் ஒலிம்பிக்கில் நிற்கிறது.

ஒரு சின்ன ரகசியம். போட்டிக்கான .22 தோட்டாவை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே வைத்திருப்பார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய், வழியில் மறுபடி கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும். ஆகவே பெட்டியில் "அதிவேகம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நாலைந்து வகைகளை வாங்கி, உங்கள் ரைபிளில் எது நெருக்கமாகக் குழு சேர்க்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் ஜாதகப் பொருத்தம் உண்டு, அதைச் சுட்டுத்தான் பார்க்க முடியும்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டில் ஒரு சுபேதார் ஐயா வந்தார். என் குதியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ".22-ஐ எடு. பத்து தடவை வெறும் ட்ரிக்கர், ஒரு தடவை குண்டு. குழல் மேல ஒரு காசு வைக்கிறேன், விழக்கூடாது" என்றார். மூன்று மாதம் தினமும் காலையில் காசு விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் விழவில்லை. அணியில் இடம் கிடைக்கவில்லை, அதற்குள் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் நான் சுடக் கற்றேன்.

இன்று என் வேலையிடத்தில் புதிதாக வரும் டிரெய்னிகளுக்கு முதல் நாளே பெரிய இயந்திரத்தைக் கொடுப்பதில்லை. "ஆம்பளையா இருந்தா தாங்கு" என்ற வார்த்தையை என் வாய் ஒருபோதும் சொன்னதில்லை. தாங்க வைப்பது வேறு, கற்றுக்கொடுப்பது வேறு.

போன மாதம் நண்பன் மறுபடி போன் செய்தான். பையன் .22 ரைபிளில் அட்டையில் சுட்டுக்கொண்டிருக்கிறானாம். "மான் வேட்டைக்கு வர்றியானு கேட்டேன், இன்னும் ரெடியாகலப்பான்னு சொல்றான்டா" என்றான். அவன் அப்பனைவிடப் பையன் நன்றாகத் தேறிவிட்டான் என்று சொல்லி வைத்தேன்.

டீ ஆறுவதற்குள் எல்லோரும் எழுந்து போகலாம்.