ஒன்றேமுக்காலுக்குள் எத்தனை அரை?

(கல்வி நிதி வழங்கும் விழாவில் ஓய்வு பெற்ற பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் ஆற்றிய உரை)



இவ்வாண்டு உதவிநிதி பெறுவோரில் ஆசிரியர் பயிற்சிக்குச் செல்பவர்களும் உண்டு என்று செயலாளர் சொன்னார். ஆகவே கணக்கைப் பற்றிப் பேச வந்தேன். கோயில் மண்டபத்தில் கணக்கா என்று யாரும் எழுந்துவிடாதீர்கள். அன்னதானம் இன்னும் தயாராகவில்லை!

பயிற்சி மாணவர்களிடம் நான் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பதுண்டு. ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் என்ன? பலரும் அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கி, மூன்றரை என்று எழுதிவிடுவார்கள். "சரி, இதற்கு ஒரு கதை சொல்லுங்கள்" என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். எஸ்.பி.எம். கணிதத்தில் 'ஏ' வாங்கிய ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ஒன்றேமுக்கால் கிலோ சீனியை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தோம்" என்றார். அது இரண்டால் வகுப்பது. ஆளுக்கு முக்காலே அரைக்கால் கிலோதான் வரும். (இந்தப் பின்னத்துக்கெல்லாம் நம் பாட்டிமாரிடம் பெயர் இருந்தது.) அரையால் வகுப்பதென்றால், அதே சீனியை அரைக் கிலோ பொட்டலங்களாகக் கட்ட வேண்டும். மூன்று பொட்டலம் போக, கால் கிலோ மிஞ்சும். அது பொட்டலத்தில் பாதி. ஆக மூன்றரை. ஒரு கிலோவுக்கு இரண்டு பொட்டலம் என்பதால்தான் இரண்டால் பெருக்குகிறோம். தலைகீழாக்குவதில் மாயமொன்றும் இல்லை.

கேள்வி என் சொந்தச் சரக்கன்று. லிபிங் மா என்னும் அம்மையார் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலில் உள்ளது. சீன ஆசிரியர் 72 பேரும் விடையைச் சரியாகக் கண்டார்கள். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் பாதிப்பேர்கூடக் காணவில்லை. பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். இத்தனைக்கும் அமெரிக்கர்கள் பட்டதாரிகள். சீனர்களோ பெரும்பாலும் ஒன்பது ஆண்டுப் பள்ளிக்குப்பின் பயிற்சிப் பள்ளிக்குப் போனவர்கள். தொடக்கப்பள்ளிக் கணக்கை ஆழமாகக் கற்றிருந்தார்கள், அவ்வளவே.

பிறரைக் குறை சொல்லி என்ன? நானே வகுப்பில் பல ஆண்டுகள் 'கடன் வாங்கு' என்றுதான் கழித்தலைச் சொல்லிக் கொடுத்தேன். 52இலிருந்து 25ஐக் கழிக்கும்போது ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன், "சார், வாங்கின கடனை எப்போது திருப்பித் தருவோம்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அவனை உட்காரச் சொன்னேன். ஐம்பதில் ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்குகிறோம், யாரிடமும் கடன் படவில்லை என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2003இல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியது. அதைக் கைவிடும் முடிவு 2009இல் வந்தது. அந்த இடைக்காலத்தில் பள்ளியில் சேர்ந்தவர்கள் இன்று இளம் ஆசிரியர்கள். அவர்கள் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலத்தில் பின்னம் படித்தார்கள். பின்னால் வந்தவர்களோ இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தவர்கள். 'பெஞெபுட்' என்றால் உடனே புரிகிறது. 'பகுதி எண்' என்றால் ஒரு கணம் தயங்குகிறார்கள். பிள்ளைகளிடம் தமிழில் விளக்க வேண்டியவர்கள் இவர்கள்தாம்.

அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். கட்டணத்துக்குக் கொடுக்கும் நிதியோடு, வரும் பள்ளி விடுமுறையில் மண்டபத்தின் பின்னறையை நான்கு சனிக்கிழமைகள் எங்களுக்குத் தர வேண்டும். இருபது பயிற்சி மாணவர்கள் போதும். குச்சி, மணி, தராசு எல்லாம் நானே கொண்டுவருகிறேன். சீனி மட்டும் மடப்பள்ளியிலிருந்து ஒன்றேமுக்கால் கிலோ கொடுங்கள். பொட்டலம் கட்டிப் பார்த்துவிட்டுப் பாயசத்துக்குத் திருப்பித் தந்துவிடுகிறோம்.