பேச்சுத் தாமதமும் பெற்றோர் கடமையும்



“ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்” என்று சொல்லிச் சொல்லியே என் தமக்கை மகனின் நான்கு வயதைக் கடத்திவிட்டோம். அவ்வாறு சொன்னவர்களுள் அரசாங்க ஊழியனாகிய நானும் ஒருவன்.

அரசாங்கக் கிளினிக்கில் பதினெட்டாம் மாதத் தடுப்பூசியின்போது தாதியர் வினவுவர்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? விரல் நீட்டிக் காட்டுகிறதா? தாய்மார்களே, நாணத்தால் எல்லாவற்றிற்கும் “ஆம்” எனாதீர்கள். மூளை விரைந்து வளரும் அவ்வயதில் அளிக்கும் பயிற்சியே பெரும் பயன் தரும். வேண்டுதல் வையுங்கள்; அதே வாரம் கிளினிக்கிற்கும் செல்லுங்கள்.

சமூகநலத் துறை 1984இல் திரங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. எங்கள் பிள்ளையும் அத்தகைய நிலையமொன்றிற்குச் செல்கிறான். சென்ற மாதம், தண்ணீர் வேண்டுமென வாய்விட்டுக் கேட்டான்.