குழந்தைக்குத் துணியா, டயப்பரா?

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க மேடையில் குறளும் கம்பனும் பேசப்படுவது வழக்கம். அவற்றைப் பேசத் தக்க புலமையாளர் நம்மிடையே பலர் உளர். பத்தாம் வகுப்புத் தேறி, பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் எம் போன்ற குமாஸ்தாக்களுக்கு அம்மேடை சற்று உயரமானது. ஆதலின், வீட்டுக் கொல்லையில் கட்டிய கொடிக்கயிற்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் சிரித்துக்கொண்டே இசைந்தார். தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். அவர்கள் அறியாத செய்தி இதில் அதிகம் இராது. ஆடவர்கள் சற்றுக் காது கொடுத்துக் கேட்பார்களாக.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்ற பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் நாகபுரிக்குத் திரும்புகிறாள். உடன் ஒரு பாட்டியும் வருகிறாள். பாட்டியின் பெட்டியில், பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்த துணிகள் அடுக்கி இருக்கின்றன. பெண்ணின் பையில், கடையில் வாங்கிய டயப்பர் கட்டு இருக்கிறது. இரண்டும் ஒரே ரயில் பெட்டியில் அருகருகே அமைதியாகப் பயணம் செய்து வந்து சேருகின்றன. வழக்கு தொடங்குவது வீடு சேர்ந்த பின்னர்தான். 'நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?' என்பது ஒரு கட்சி. 'அத்தை, இரவுக்கு மட்டுமாவது இருக்கட்டுமே' என்பது மறு கட்சி. இவ்விரண்டுக்கும் நடுவே, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பவர் யார் என்பதை நாம் கூற வேண்டுவதில்லை.

முதலில் பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்ப்போம். பலமுறை வெளுத்து, கஞ்சி முற்றும் நீங்கி, நூல் இளகிய வேட்டித் துணியைப் போல் பச்சிளங்குழந்தையின் தோலுக்கு இதமானது பிறிதொன்றில்லை. காற்று புகும், நனைந்தால் உடனே தெரியும். இந்த 'உடனே தெரிதல்' என்பதில் ஒரு பெரும் நன்மை மறைந்துள்ளது. பிறந்து ஐந்தாறு நாள் ஆன குழந்தை, நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால், தாய்ப்பால் போதிய அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம் என மருத்துவர் கூறுவர். துணியில் அதனை எண்ணிவிடலாம். எவ்வளவு ஈரத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு மேலே உலர்ந்து நிற்கும் டயப்பரில் அக்கணக்கு எளிதில் அகப்படாது. மேலும், குழந்தையைத் தம் இரு பாதங்களின்மேல் அமர்த்தி, 'உஸ்' என்று ஒலியெழுப்பிப் பழக்கும் நம் மூதாட்டியரின் முறைக்கும் துணியே துணை நின்றது.

இனி, பெண்ணின் பையில் உள்ளதைக் காண்போம். அதனைப் பழிப்பதற்கு முன், அது தோன்றிய வரலாற்றை அறிதல் நலம். அமெரிக்காவில் மேரியன் டோனோவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் துணியின்மேல் அணியும் நீர் புகா உறை ஒன்றைத் தைத்தார். அது 1949-இல் விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமையும் கிட்டியது. ஒருமுறை அணிந்து எறியும் 'பாம்பர்ஸ்' அந்நாட்டில் 1961-இல் சந்தைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் டயப்பரில், தோலை ஒட்டி பாலிப்ரொப்பிலீன் என்னும் மெல்லிய நெய்யாத் துணி; நடுவில் மரக்கூழும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் உறிஞ்சும் பொடியும்; வெளியே பாலிஎத்திலீன் தாள். அப்பொடி, தூய நீராயின் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு உறிஞ்சிக் கூழாகி நிற்க வல்லது. உப்புக் கலந்த சிறுநீராயின் அவ்வளவு இராது. எனினும், ஓர் இரவைத் தாங்க அது போதும். மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து பாலூட்டும் தாய்க்கு, இடையில் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுமாயின் அது சிறிய உதவியா? இல்லை என்போர் ஓரிரவு விழித்துப் பார்க்கட்டும்.

விலைக் கணக்கு எங்கள் தொழிலுக்கு அடுத்தது. டயப்பர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஆறு என்றால் 60 ரூபாய், மாதத்திற்கு 1,800, இரண்டரை ஆண்டில் 54,000 ரூபாய். இரவுக்கு இரண்டு மட்டும் என்றால் மாதத்திற்கு 600 ரூபாயோடு முடிகிறது. பழைய வேட்டிக்கு விலையில்லை. இந்த அளவில் கோடு கிழித்துக் கணக்கை முடித்து, 'துணியே இலாபம்' என்று தீர்ப்புச் சொல்லிவிடும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. சோப்பு எங்கே, தண்ணீர் எங்கே, அலசிய கைகளின் உழைப்பு எங்கே? அந்தப் பத்தியை வெறுமையாக விட்ட பேரேடு எந்தத் தணிக்கையிலும் நில்லாது.

எங்கள் வரிசையில் ஒரு வீடு. பெயர் வேண்டா. அறுவை செய்து பிள்ளை பெற்ற பெண். உடன், துணியைத் தவிர வேறொன்றும் ஆகாது என்ற மாமியார். இரவுப் பணி பார்க்கும் கணவர். மாதமோ ஆடி. இவ்வூர் மழையை நீங்கள் அறிவீர்கள். குழாயில் நீர் வரும் நேரமோ காலையில் சிறிது பொழுது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு துணிகள் நனையும். மின்விசிறிக்கடியில் கயிறு கட்டிப் போட்டும் ஏழுதான் காயும். எஞ்சியவற்றை அரையீரத்தோடு கட்டியதில் குழந்தையின் இடுக்குகள் சிவந்து புண்ணாயின. 'துணி கட்டியும் புண் வருமா?' என்று மாமியார் மருமகளை நோக்க, அவள் அடுக்களையில் நின்று அழுதாள். குழந்தை நல மருத்துவர் உரைத்தது இரண்டே சொல்: ஈரம் ஆகாது; காற்று வேண்டும். துணியாயினும் டயப்பராயினும் நனைந்ததை நெடுநேரம் வைத்திருந்தால் புண் வரும். அவ்வப்போது மாற்றி, வெறும் நீரால் துடைத்து, நாளும் சிறிது நேரம் ஒன்றும் கட்டாமல் விட்டுவைக்க வேண்டும். சிவந்த இடத்திற்குத் துத்தநாகக் களிம்பு பூசலாம். முகப்பவுடரை அள்ளித் தூவுவது வேண்டா. அத்தூள் குழந்தையின் மூச்சில் புகும்.

அவ்வீட்டில் பின்னர் நடந்ததே நாம் கூற விரும்புவது. இரவுப் பணி முடிந்து காலையில் வந்த கணவர், படுக்கச் செல்லுமுன் துணி வாளியைத் தாமே எடுத்தார். குழாயடியில் ஓர் ஆண்மகன் குழந்தைத் துணி அலசுவதை அண்டை வீட்டார் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தனர். மூன்றாம் நாள் பார்க்கவில்லை. இரவுக்கு டயப்பர் என்று மாமியாரும் இசைந்தார். பகலில் துணி நீடித்தது. துணியா டயப்பரா என்ற கேள்வி எழும்போதெல்லாம், துவைப்பவர் யார் என்ற கேள்வியை முன்னே வைக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. துவைக்காதவர் துணிக்கு வாக்களித்தல் முறையன்று. மைய அரசுப் பணியில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 180 நாள் விடுப்பும், இரண்டு குழந்தைகள் வரை தந்தைக்கு 15 நாள் விடுப்பும் உண்டு. அப்பதினைந்து நாளை ஊரில் உறவினர் வீடுகளுக்கு இனிப்பு வழங்கியே கழிப்போர், அதில் ஒரு பங்கைத் துணி வாளிக்கும் ஒதுக்கலாமே!

நிற்க. படித்த இளைஞர் சிலர், 'துணி துவைக்க நீரும் மின்சாரமும் செலவாகின்றனவே. உலகிற்கு எது நன்மை?' என வினவுகின்றனர். நல்ல வினா. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2005-இல் ஓர் ஆய்வும், 2008-இல் அதனைப் புதுப்பித்து மற்றோர் ஆய்வும் வெளியிட்டது. இரண்டரை ஆண்டுக்கு ஒரு குழந்தையால் வெளியாகும் கரியமில வாயு, டயப்பராயின் ஏறக்குறைய 550 கிலோ, துணியாயின் 570 கிலோ என அது கணித்தது. எனவே இரண்டும் ஒன்றே என்று இதைக் கொண்டு வாதிடுவர். ஆனால் அதே அறிக்கையில், இயந்திரம் நிறைய இட்டுத் துவைத்து, கொடியில் வெயிலில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அவற்றையே பயன்படுத்தினால், துணியின் கணக்கில் 200 கிலோ குறையும் என்றும் உள்ளது. அந்நாட்டுக் கணக்கைக் கெடுப்பது மின்சாரத்தில் உலர்த்தும் இயந்திரம். மே மாதத்தில் 45 பாகைக்கும் மேல் காயும் நாகபுரியில் நமக்கு அவ்வியந்திரம் எதற்கு? துணி பிழிந்து திரும்புமுன் காய்ந்துவிடுகிறது! ஆதலின், ஐப்பசி முதல் ஆனி வரை துணி, ஆடி ஆவணி மழையில் டயப்பரைச் சற்றுக் கூட்டிக்கொள்வது என்று நாங்கள் எங்கள் இரு குழந்தைகளுக்கும் நடத்தினோம்.

துவைக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டி நீக்க வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில் ஊறவைத்தல்; சூடான நீரில் முதலிலேயே போட்டால் கறை படிந்துவிடும். சோப்பு அளவாக, அலசல் தாராளமாக. சோப்பு தங்கிய துணி குழந்தையின் தோலை எரிக்கும். துணி மணக்கவும் மெத்தென்றிருக்கவும் விற்கப்படும் திரவங்களை இதற்கு ஊற்றலாகாது. துணி ஈரம் உறிஞ்சும் திறன் அதனால் குறைகிறது. மழை நாளில் இஸ்திரிப் பெட்டியால் இறுதி ஈரத்தைப் போக்கிக் கட்டுக.

டயப்பரைப் பயன்படுத்துவோர்க்கும் ஒரு சொல் உண்டு. பயன்படுத்தியபின் அது எங்கே போகிறது? நம் நகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கிழக்கே பாண்டேவாடியில் கொட்டப்பட்டு வந்தது. அங்கே போய்ச் சேருமுன் அது ஒரு மனிதரின் கையைக் கடந்தே செல்கிறது. நம் வாயிலில் வண்டி தள்ளி வரும் அந்த அம்மையார், காய்கறித் தோலையும் தாளையும் பிரிக்கும்போது, பிரிந்து கிடக்கும் டயப்பரையும் கையால் எடுக்கிறார். நம் பிள்ளையின் மலத்தை அவர் ஏன் தொட வேண்டும்? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், இத்தகையவற்றை நன்கு பொதிந்து தனியே அடையாளம் தெரியத் தர வேண்டும் என்று விதித்தன. மலத்தைக் கழிப்பறையில் இட்டு, டயப்பரைச் சுருட்டி, அதன் ஒட்டுப் பட்டியாலேயே இறுக்கி, செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டால் போதும். அரை நிமிட வேலை. டயப்பரையே கழிப்பறையில் போடுவோரும் உளர் என்று கேள்விப்பட்டு வருந்தினோம். சென்ற மழையில் நம் காலனிச் சாக்கடை அடைத்து முழங்கால் அளவு நீர் நின்றதற்கு, குழாயிலிருந்து வெளிவந்த பொருள்களில் அதுவும் ஒன்று. பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

ரயில் பயணத்தைச் சொல்லாமல் முடித்தால் எங்கள் உத்தியோகத்திற்கு இழுக்கு. இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 1,090 கிலோமீட்டர். ஓர் இரவு வண்டியில் கழியும். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போவோர்க்கு மேலும் ஒன்று. பயணத்தில் டயப்பரே உகந்தது. பாட்டியரும் இதை மறுப்பதில்லை. ஆனால் பெட்டிகளில் இப்போது உள்ளவை 'பயோ-டாய்லெட்' எனப்படும் உயிரிக் கழிப்பறைகள். கழிவு பழையபடி தண்டவாளத்தில் விழுவதில்லை. அடியில் உள்ள தொட்டியில் நுண்ணுயிர்கள் அதனைச் செரித்து நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. டயப்பர் அவற்றுக்கு உணவாகாது. ஒன்று விழுந்தால் குழாய் அடைத்து, அடுத்த பராமரிப்பு நிலையம் வரை எழுபது எண்பது பேர் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது. அடைப்பை எடுப்பவரும் நம் போன்ற ஓர் ஊழியரே. ஆதலின் பயணத்திற்கு டயப்பரின் எண்ணிக்கையளவு காகிதப் பொதிகளும், அவற்றைப் போட ஒரு தனிப் பையும், அவசரத்திற்கு நான்கு துணிகளும், ஒரு பழைய துண்டும் எடுத்துச் செல்லுங்கள். பையை இறங்கும் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போடலாம்.

இறுதியாக, மகளிர் குழுவினர் இசைந்த ஓர் ஏற்பாடு. சங்க அறையில் ஒரு மரப்பெட்டி வைக்கப்படுகிறது. வெளுத்த பழைய பருத்தி வேட்டிகளை அதில் இடலாம். பிள்ளை பெற்றுத் திரும்பும் குடும்பம் எதுவாயினும் கேளாமலே எடுத்துச் செல்லலாம். ஓரம் அடித்துத் தர நான்கு தாய்மார்கள் முன்வந்துள்ளனர். தையல் இயந்திரம் ஓட்டத் தெரிந்த ஆடவர் இருவரும் பெயர் கொடுத்திருக்கின்றனர். பெட்டியில் இடுவோர் ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு இடுக. அது குழந்தைக்கு உறுத்தும்.